கடிகாரம் யார் கையில்?

1

2004 பிப்ரவரி 10. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, கீத் பவுல்ஸ் என்ற கைதிக்கு மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்து உத்தரவிட்டார். கொலை வழக்கில் பதினைந்து ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை பெற்றவர் பவுல்ஸ். பிப்ரவரி 27ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. பவுல்ஸ் தரப்பு 26ஆம் தேதியே தாக்கல் செய்துவிட்டது. கெடுவுக்கு ஒரு நாள் முன்பாகவே.

2007 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மனு தாமதம். தள்ளுபடி.

காரணம் இதுதான். விதிப்படி நீதிபதி கொடுக்கக்கூடிய அவகாசம் 14 நாள். அவர் 17 நாள் என்று எழுதிவிட்டார். எனவே உண்மையான கெடு 24ஆம் தேதியே முடிந்துவிட்டது. நீதிபதி தப்பாக எழுதியதால் சட்டம் மாறிவிடாது. நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவை நம்பியது கைதியின் பாடு. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். நீதிமன்றத்தின் வார்த்தையை நம்பியவர்களை இப்படி நடத்தும் நீதித்துறையைச் சகித்துக்கொள்ள முடியாது என்ற பொருளில் டேவிட் சௌட்டர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மாறுபட்ட தீர்ப்பால் யாருக்கும் கதவு திறப்பதில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் தொழிலில் இதற்கு நேரான ஒரு சங்கதி உண்டு. ஒரு சர்வர் ‘இந்த டோக்கன் 17 நாள் செல்லும்’ என்று பதில் அனுப்புகிறது. பதினாறாம் நாள் அதே டோக்கனோடு போனால், ‘இது 14ஆம் நாளே காலாவதி’ என்று திருப்பி அனுப்புகிறது. இது சர்வரின் பக். இதில் விவாதமே கிடையாது. டோக்கன் வைத்திருந்தவன் மேல் பழியைப் போட்டு டிக்கெட்டை மூடினால், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன பையன்கூடச் சிரிப்பான். ஆனால் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் இதைச் செய்தது. அங்கே டோக்கனாக இருந்தது ஒரு மனிதனின் மிச்ச வாழ்நாள்.

இந்தக் கட்டுரை கெடு வைப்பதற்கே எதிரானது இல்லை. கெடு இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை டெட்லைனில் வாழ்கிற என்னைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான். கடிகாரம் யார் கையில் இருக்கிறது? தாமதத்துக்கான தண்டனை யார் தலையில் விழுகிறது? தண்டனை பெற்ற கைதிகள் நீதிமன்றத்தை அணுகுவதற்கு அமெரிக்கா வைத்திருக்கும் கெடுவில் இந்த இரண்டு கேள்விக்கும் வேறு வேறு பதில். அநீதி அங்கேதான் இருக்கிறது.

2

முதலில் பின்னணி. ஆட்கொணர்வு மனு என்றதும் நமக்கு நினைவு வருவது, போலீஸ் தூக்கிக்கொண்டு போன ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்பது. அமெரிக்காவில் அந்த மனுவுக்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. மாநில நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்து, மாநில மேல்முறையீடுகளும் முடிந்த பிறகு, ‘என் வழக்கில் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது’ என்று அவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முறையிடும் வழியும் அதுதான். அரசுத் தரப்பு சாட்சியத்தை மறைத்திருக்கலாம், வக்கீல் விசாரணையில் தூங்கியிருக்கலாம், வாக்குமூலம் அடித்து வாங்கியதாக இருக்கலாம். இதையெல்லாம் சொல்வதற்கான கடைசிக் கதவு அது.

1867ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கதவை மாநிலக் கைதிகளுக்குத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு 129 ஆண்டுகள் அதற்கு நிலையான கெடு எதுவும் இருக்கவில்லை. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் செத்தார்கள். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் உருவான சட்டத்தில், ஓராண்டு கழித்து 1996 ஏப்ரல் 24 அன்று, அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்டார். பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பயனுள்ள மரண தண்டனைச் சட்டம் என்று பெயர். ‘பயனுள்ள மரண தண்டனை’ என்ற சொற்சேர்க்கையைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். அந்தச் சட்டம்தான் ஆட்கொணர்வு மனுவுக்கு ஓராண்டுக் கெடுவைக் கொண்டுவந்தது.

சொல்லப்பட்ட நியாயம்: மரண தண்டனைக் கைதிகள் மனுமேல் மனுவாகப் போட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். சரி, அதை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். சாவைத் தள்ளிப்போட நினைப்பவருக்குத் தாமதத்தில் லாபம் இருக்கிறது. ஆனால் இந்தக் கெடு மரண தண்டனைக் கைதிகளுக்கு மட்டும் வைக்கப்படவில்லை. எட்டு வருடம், இருபது வருடம், ஆயுள் என்று உள்ளே இருக்கும் எல்லா மாநிலக் கைதிகளுக்கும் அதே ஓராண்டு. எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை இவர்கள்தான். இவர்கள் எதற்காக இழுத்தடிக்க வேண்டும்? வெளியே வருவதற்கான மனுவைத் தாமதப்படுத்தினால் இவர்களுக்குக் கிடைப்பது இன்னும் கொஞ்சம் சிறைதான். எந்தக் கைதியாவது, ‘விடுதலை மனுதானே, மெதுவாப் போட்டுக்கலாம்’ என்று நினைப்பானா? சட்டம் காட்டிய காரணம் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றியது. கயிறு விழுந்தது எல்லார் கழுத்திலும்.

3

‘ஓராண்டு போதாதா? ஒரு மனு எழுத முந்நூற்று அறுபத்தைந்து நாள் வேண்டுமா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஓராண்டு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

மாநில மேல்முறையீடு முடிந்து, உச்ச நீதிமன்றத்தை அணுகுவதற்கான 90 நாளும் கழிந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும் முன் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்திலேயே மறுபடி ஒரு சுற்று முறையிட வேண்டியிருக்கும். அந்த மனு நிலுவையில் இருக்கும்வரை கடிகாரம் நிற்கும். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆனால் அந்த மாநில மனு ‘முறையாகத் தாக்கல்’ ஆனதாக இருந்தால்தான் நிற்கும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, கெடு வேறு. போதாததற்கு, எந்த நாள் கணக்கில் சேரும், எது சேராது என்பதற்கு உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாகத் தீர்ப்புகள் எழுதிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் பல ஐந்துக்கு நான்கு. ஒன்பது நீதிபதிகளுக்குள்ளேயே நான்கு பேருக்குத் தப்பாகத் தோன்றுகிற கணக்கை, பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவர் சிறைக்குள் உட்கார்ந்து சரியாகப் போட வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். மாநிலத்தின் இந்த இரண்டாம் சுற்றில் அரசு செலவில் வக்கீல் கேட்கும் அரசியலமைப்பு உரிமை கைதிக்கு இல்லை என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனை அல்லாத வழக்குகளில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வரும் மனுக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வக்கீல் இல்லாமல் கைதிகளே எழுதியவை.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, பென்சில்வேனியாவின் பேஸ் வழக்கு, 2005. பேஸ் 1996 நவம்பரில் மாநில மனு போட்டார். மாநில நீதிமன்றங்கள் அதை ஏறக்குறைய மூன்று ஆண்டு வைத்திருந்தன. கடைசியில் வந்த பதில், ‘உன் மனு மாநிலக் கெடுவைத் தாண்டி வந்தது.’ ஐந்து மாதம் கழித்து அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே சொன்னார்கள்: மாநில மனு தாமதம் என்றால் அது முறையாகத் தாக்கலானது ஆகாது. முறையாகத் தாக்கலாகாததால் இத்தனை காலமும் உன் கடிகாரம் நிற்கவே இல்லை. நின்றதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். உன் ஓராண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஐந்துக்கு நான்கு. மாநிலம் என்ன சொல்லுமோ என்ற சந்தேகம் இருந்தால், பாதுகாப்புக்கு முன்கூட்டியே கூட்டாட்சி நீதிமன்றத்திலும் ஒரு மனுவைப் போட்டு நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கலாமே என்று தீர்ப்பு யோசனை வேறு சொல்கிறது. அதாவது, பதில் வரும் முன்பே பதில் என்னவென்று ஊகித்து, இரண்டு நீதிமன்றத்தில் ஒரே நேரத்தில் வழக்கு நடத்தியிருக்க வேண்டும். சிறையிலிருந்து. வக்கீல் இல்லாமல்.

இன்னொன்று, ஃப்ளோரிடாவின் டே வழக்கு, 2006. கைதி மனு போடுகிறார். அரசு வழக்கறிஞர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘352 நாள்தான் ஆகியிருக்கிறது, மனு நேரத்துக்கு வந்திருக்கிறது’ என்று எழுதிக்கொடுக்கிறார். எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டாயிற்று. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் தானாகவே நாள்களை எண்ணியது. அரசு வழக்கறிஞரின் கணக்கு தப்பு, சரியான கணக்குப்படி 388 நாள் என்று கண்டுபிடித்து மனுவைத் தள்ளியது. அப்படிச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. இதுவும் ஐந்துக்கு நான்கு.

இப்போது டே வழக்கையும் பவுல்ஸ் வழக்கையும் சேர்த்துப் படியுங்கள். சட்டமே தொழிலாக இருக்கும் அரசு வழக்கறிஞர் நாள்களைத் தப்பாக எண்ணினால், நீதிமன்றம் வலியப் போய்த் திருத்திக் கொடுக்கிறது. நீதிபதியே நாள்களைத் தப்பாக எண்ணினால், அதற்கான விலையைக் கைதி கொடுக்கிறான். இரண்டு வழக்குக்கும் தனித்தனியே சட்ட நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னளவில் சரியாக இருந்தும் மொத்த சிஸ்டமும் தப்பான விடை தருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே நடக்கும் தவறு மன்னிக்கப்படுகிறது. கீழே நிற்பவன் எல்லாருடைய தவறுக்கும் வட்டி கட்டுகிறான்.

4

‘நியாயமான விலக்குகளும் இருக்கின்றனவே’ என்பார்கள். இருக்கின்றன. அந்த விலக்கைப் பெற என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

ஆல்பர்ட் ஹாலண்ட், ஃப்ளோரிடா, மரண தண்டனைக் கைதி. அவருக்கு மாநிலம் வக்கீல் நியமித்தது. அந்த வக்கீல் மாநில மனுவைத் தாக்கல் செய்தபோது, 2002 செப்டம்பரில், ஹாலண்டின் ஓராண்டில் மீதமிருந்தது 12 நாள். அதன்பின் மாநில நீதிமன்றங்கள் மூன்று ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டன. இந்தக் காலம் முழுக்க ஹாலண்ட் வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். என் கூட்டாட்சி மனுவை நேரத்துக்குப் போட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். எந்த நாள், எந்த விதி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பதில் இல்லை. வக்கீலை மாற்றுங்கள் என்று நீதிமன்றத்திடம் கேட்டார். ‘வக்கீல் இருக்கும்போது நீயாக மனு போட முடியாது’ என்று அரசுத் தரப்பு எதிர்த்தது, நீதிமன்றமும் மறுத்தது. 2005 நவம்பரில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. டிசம்பர் 1 முதல் கடிகாரம் ஓடியது. 12 நாள். முடிந்தது. ஹாலண்டிடம் யாரும் சொல்லவில்லை. 2006 ஜனவரி 18 அன்று சிறை நூலகத்தில் இருந்தபோது விஷயம் தெரிந்து, அன்றைக்கே தானே மனு எழுதி, மறுநாள் அனுப்பினார். ஐந்து வாரம் தாமதம்.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் தாமதம் என்றே சொல்லின. 2010இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட அசாதாரணச் சூழலில் கடிகாரத்தை நிறுத்தி வைக்கலாம் என்றது. நல்லது. ஆனால் அதே நீதிமன்றம் 2007இல் லாரன்ஸ் வழக்கில், வக்கீல் நாளைத் தப்பாக எண்ணிவிட்டார் என்பது மட்டும் போதாது என்று சொல்லியிருக்கிறது. ஆக, உங்கள் வக்கீல் சாதாரண அளவில் மோசமாக இருந்தால் உங்கள் கதை முடிந்தது. மிக மிக மோசமாக இருந்து, அதை நீங்கள் கடிதம் கடிதமாக நிரூபிக்கவும் முடிந்தால் பிழைக்கலாம்.

அலபாமாவின் கோரி மேப்பிள்ஸ் வழக்கும் அப்படித்தான். நியூயார்க்கின் பெரிய நிறுவனம் ஒன்றின் இரண்டு இளம் வக்கீல்கள் இலவசமாக வழக்கை எடுத்தார்கள். பிறகு நீதிமன்றத்துக்குச் சொல்லாமலே வேலையை விட்டுப் போய்விட்டார்கள். தீர்ப்பு நகல் தபாலில் போனது. பிரிக்காமலே திரும்பி வந்தது. நீதிமன்ற அலுவலகம் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது. மரண தண்டனை வழக்கின் தீர்ப்பு அந்த இரண்டு வக்கீல்களுக்கும் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்தும் யாரும் ஃபோனை எடுக்கவில்லை. 42 நாள் கெடு கடந்தது. அதற்குப் பிறகு அலபாமா அரசு, கூச்சமே இல்லாமல், கெடு போச்சு என்று உச்ச நீதிமன்றம்வரை வாதாடியது. 2012இல் தோற்றது. தோற்றதைவிட, அப்படி வாதாட ஒரு அரசுக்கு மனம் வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

5

இனி எதிர்வாதத்தின் வலுவான பகுதிக்கு வருகிறேன். எதற்கும் ஒரு முடிவு வேண்டாமா? கொல்லப்பட்டவரின் தாய் எத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏறுவார்? சாட்சிகள் செத்துப்போவார்கள், ஆவணங்கள் தொலையும், இருபது வருடம் கழித்து மறுவிசாரணை என்றால் குற்றவாளிகள் தப்பிப்பார்கள். இது வெறும் அரசாங்கச் சப்பைக்கட்டு இல்லை. இதில் நிஜமான வலி இருக்கிறது.

இந்தத் தரப்புக்கு ஒரு நல்ல உதாரணமும் நானே தருகிறேன். வர்ஜீனியாவின் ரோஜர் கோல்மன். மாநில மனு தள்ளுபடியானதை எதிர்த்து அவருடைய வக்கீல்கள் 3 நாள் தாமதமாக மேல்முறையீடு செய்தார்கள். அந்த 3 நாளைக் காரணம் காட்டி 1991இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கதவை மூடியது. 1992 மே மாதம் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். கடைசிவரை தான் நிரபராதி என்றார், பலரும் நம்பினார்கள். 2006இல் ஆளுநர் உத்தரவில் நடந்த டிஎன்ஏ சோதனை அவருக்கு எதிராகவே வந்தது. ‘பாத்தீங்களா, கெடு யாரையும் தப்பாக் கொல்லலையே?’

கொல்லவில்லை. ஆனால் அது அந்த 3 நாளின் சாமர்த்தியம் இல்லை. நீதிமன்றம் கதவை மூடியபோது அவர் கொலைகாரரா இல்லையா என்பதைப் பார்த்து மூடவில்லை. தேதியைப் பார்த்து மூடியது. நிரபராதி வந்திருந்தாலும் அதே 3 நாள் அதையே செய்திருக்கும். டெஸ்ட் கேஸ் ஒன்று தற்செயலாகப் பாஸ் ஆனதைக் காட்டிப் புரோகிராம் சரி என்று சொல்கிற மாதிரிதான் இது.

அதே வர்ஜீனியாவில் இன்னொரு டெஸ்ட் கேஸ் இருக்கிறது. எர்ல் வாஷிங்டன், அறிவுத்திறன் குறைபாடு உள்ள கறுப்பின மனிதர். போலீஸ் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக் கொலையை ஒப்புக்கொண்டவர். 1984இல் மரண தண்டனை. 1985இல் தண்டனை நாளுக்கு 9 நாள் முன்பு தப்பினார். 1993இல் வந்த டிஎன்ஏ சோதனை அவர் மீதான குற்றச்சாட்டைக் கடுமையாகச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. ஆனால் அந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு அவர் மாநில நீதிமன்றத்துக்குப் போக முடியவில்லை. தீர்ப்பு வந்து 21 நாளுக்குள் புதிய சாட்சியத்தைக் கொடுக்க வேண்டும் என்பது வர்ஜீனியாவின் விதி. அவர் தண்டிக்கப்பட்ட 1984இல் அத்தகைய சோதனையே புழக்கத்தில் இல்லை. அறிவியலுக்கும் 21 நாள் கெடு! நீதிமன்றத்தில் இடமில்லாததால் ஆளுநரின் கருணைக்குப் போனார். 1994இல் மரணம் ஆயுளாகக் குறைந்தது. 2000இல் இன்னும் துல்லியமான சோதனைக்குப் பிறகு முழு மன்னிப்பு. 2001இல் வெளியே வந்தார். செய்யாத குற்றத்துக்கு ‘மன்னிப்பு’ வாங்கித்தான் வெளியே வர முடிந்தது. அதன்பிறகுதான் வர்ஜீனியா அந்த விதியைத் தளர்த்தத் தொடங்கியது.

2013இல் பெர்கின்ஸ் வழக்கில், நிரபராதி என்று வலுவாகக் காட்ட முடிந்தால் ஓராண்டுக் கெடு தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில். இதைக் காட்டி, ‘பிறகென்ன, நிரபராதிகளுக்கு வழி இருக்கிறதே’ என்பார்கள். புதிய சாட்சியத்தைப் பார்த்தால் நியாயமான எந்த ஜூரி உறுப்பினரும் பெரும்பாலும் தண்டித்திருக்க மாட்டார் என்று முதலில் காட்ட வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல், சிறைக்குள் இருந்துகொண்டு. உள்ளே வர விடுங்கள், நிரூபிக்கிறேன் என்றால், நிரூபித்துவிட்டு உள்ளே வா என்பதுதான் பதில்.

6

சரி, மாற்று என்ன? இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே இருந்தது. 1996க்கு முன் இருந்த விதி, தாமதத்தால் வழக்குக்குப் பதில் சொல்லும் திறன் அரசுக்கு நிஜமாகவே பாதிக்கப்பட்டிருந்தால் மனுவைத் தள்ளலாம் என்றது. சாட்சி செத்துவிட்டார், ஆவணம் எரிந்துவிட்டது என்றால் அதைக் காட்டு, கேட்கிறோம். காட்ட ஒன்றும் இல்லையென்றால் வழக்குக்குப் பதில் சொல். இது கெடு இல்லாத காட்டாட்சி இல்லை. தாமதத்தால் என்ன நட்டம் என்று கேட்கிற முறை. முடிவு வேண்டும் என்ற நியாயமான கவலைக்கு அதில் முழு இடம் இருந்தது.

நம் ஊரிலும் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, போதிய காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்து மேல்முறையீட்டை ஏற்கலாம் என்கிறது. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீடு கொடுக்கலாம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்பதை வறட்டுத்தனமாகச் செய்யக் கூடாது என்று 1987இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது புகழ்பெற்ற தீர்ப்பு. அதில் பயனடைந்தது 4 நாள் தாமதமாக வந்த ஒரு மாநில அரசு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்கே இங்கே ஆண்டுகள் ஆகும் என்பது வேறு அவலம். நாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ‘ஏன் தாமதம்?’ என்று ஒரு வார்த்தை கேட்பதால் எந்த நீதிமன்றமும் இடிந்து விழுந்துவிடாது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே ஒரு காலத்தில் இது புரிந்திருந்தது. 1988, ஹூஸ்டன் வழக்கு. டென்னசி கைதி ஒருவர் 27ஆம் நாள் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தார். நீதிமன்ற முத்திரை விழுந்தது 31ஆம் நாள். கெடு 30. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கைதி தபால் நிலையத்துக்கு நடந்து போக முடியாது. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு வந்து சேர்ந்ததா என்று கேட்க முடியாது. மனு அவன் கையைவிட்டுச் சிறை அதிகாரி கைக்குப் போன நொடியே தாக்கலானதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் கையில் இல்லாத தாமதத்தை அவன் கணக்கில் எழுதக் கூடாது.

இந்த எளிய விதியைத் தபால் பைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நீதிபதி எழுதிய தேதிக்கும், வக்கீலின் அலட்சியத்துக்கும், மாநில நீதிமன்றத்தின் மௌனத்துக்கும் மறுப்பது என்ன நியாயம்? ஹாலண்ட் வழக்கில் மாநில நீதிமன்றங்கள் மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டன. ஏன் அவ்வளவு நாள் என்று அவற்றிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்க ஒரு விதியும் இல்லை. ஐந்து வாரத்துக்கு ஹாலண்ட் உச்ச நீதிமன்றம்வரை போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.